வீட்டு எலக்ட்ரானிக் இசைக்கு அனலாக் மிக்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி, சிந்தசைசரும் டிரம் மெஷினும் வைத்து எலக்ட்ரானிக் இசை செய்பவர்கள், மிக்சர் வாங்கும் கட்டத்துக்கு வந்ததும் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன். நம் பக்கத்தில் மிக்சர் என்றாலே கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரும் ரேடியோ செட்டுக்காரரின் மேசைதான் நினைவுக்கு வரும். அந்த வேலைக்கு ஏற்ற மிக்சரையே இந்த வேலைக்கும் ஏற்றது என்று கொள்வதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

1. அண்ணாச்சி, கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் மிக்ஸ் பண்ணலாமே, எதுக்குத் தனியா ஒரு மிக்சர்?

உங்கள் இசை முழுவதும் கம்ப்யூட்டருக்குள்ளேயே உருவாகிறது என்றால் மிக்சர் தேவையே இல்லை. ஒலியைக் கம்ப்யூட்டருக்குள்ளும் வெளியேயும் கொண்டுபோகும் இரண்டு சேனல் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் நல்ல ஹெட்போனும் வாங்கிக்கொண்டு, மிச்சப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, நான்கு கருவிகள் சேர்ந்து, கம்ப்யூட்டரைப் போடாமலேயே அவற்றை ஒன்றாகக் கேட்டு வாசிக்க வேண்டும் என்று தோன்றும்போதுதான் மிக்சருக்கு இடம் வருகிறது. அனலாக் மிக்சரில் ஒலி தாமதமாவதில்லை. ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு குமிழ் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். 1970களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் கிங் டப்பி, எம்சிஐ நிறுவனத்தின் மிக்சர் ஒன்றில் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர்களையும், அடி ஒலியை வெட்டும் ஹைபாஸ் ஃபில்டரையும் எக்கோவையும் கையால் இயக்கியே டப் என்ற இசைவகைக்கு உருக்கொடுத்தார். மிக்சரையும் ஒரு வாத்தியமாக வாசிக்க விரும்புகிறவர்களுக்காகவே இனி வரும் பதில்கள்.

2. எங்க ஊரு ரேடியோ செட்டுக்காரர் வச்சிருக்க மாதிரி ஒண்ணு வாங்கினா போதாதா?

அவருக்கு வேண்டியது மைக். வில்லுப்பாட்டுக்கோ நையாண்டி மேளத்துக்கோ எத்தனை மைக் வைக்க முடியும், அவை ஊளையிடாமல் ஓடுமா என்பதுதான் அவர் பார்க்கும் கணக்கு. அவர் வைத்திருப்பவற்றில் சில, ஆம்ப்ளிஃபையரையும் உள்ளேயே கொண்ட பவர்டு மிக்சராக இருக்கும். வேறு சில, குழாய் ஸ்பீக்கர்களை 100 வோல்ட் லைனில் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்டவையாக இருக்கும்.

உங்கள் சிந்தசைசரும் டிரம் மெஷினும் மைக்கைவிடப் பல மடங்கு வலுவான லைன் லெவல் சிக்னலைத் தருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஸ்டீரியோ. ஆகவே மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் மைக் பிரீஆம்ப் உங்களுக்கு ஒன்றிரண்டு போதும்; ஸ்டீரியோ லைன் சேனல்களும் ஆக்ஸ் சென்டுகளும் (இவை என்னவென்று 5-ஆம் கேள்வியில் பார்ப்போம்) தாராளமாக இருக்க வேண்டும். பவர்டு மிக்சரை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். ஸ்டுடியோ மானிட்டர் எனப்படும் ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது.

3. '12 சேனல்'னு அட்டைப்பெட்டியில போட்டிருக்கான். பன்னிரண்டு சாமானைச் சொருக முடியலையே?

ஒரு ஸ்டீரியோ சேனலைத் தயாரிப்பாளர்கள் இரண்டாக எண்ணுகிறார்கள். மாக்கி 1202 மிக்சரில் நான்கு மோனோ சேனல்களும் நான்கு ஸ்டீரியோ சேனல்களும் உள்ளன. நான்கும் எட்டும் சேர்ந்து பன்னிரண்டு. யமஹா எம்ஜி10-எக்ஸ்யூவில் நான்கு மோனோவும் மூன்று ஸ்டீரியோவும் சேர்ந்து பத்து. அட்டைப்பெட்டியின் எண்ணை விட்டுவிட்டு, மோனோ எத்தனை, ஸ்டீரியோ எத்தனை என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

4. அப்போ எனக்கு எத்தனை வேணும்னு எப்படிக் கணக்குப் போடுறது?

கருவிகளை எண்ணாமல் அவற்றின் அவுட்புட்டுகளை எண்ண வேண்டும். ஒரு தாளை எடுத்து, மோனோ ஒரு பக்கம், ஸ்டீரியோ ஒரு பக்கமாக எழுதுங்கள். தனித்தனி அவுட்புட்டுகள் கொண்ட டிரம் மெஷின், ஒரு பேஸ் சிந்த், ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒலிக்கும் ஒரு பாலிஃபோனிக் சிந்த், பதிவுசெய்த ஒலிகளை வாசிக்கும் ஒரு சாம்ப்ளர், எதிரொலி தரும் ஒரு டிலே ஆகியவை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிக், ஸ்நேர், பேஸ் மூன்றும் மோனோ. டிரம்மின் மிச்ச ஒலிகள், பாலி சிந்த், சாம்ப்ளர், டிலேயிலிருந்து திரும்பி வருவது ஆகிய நான்கும் ஸ்டீரியோ. மேலே சொன்ன நான்கு மோனோ, நான்கு ஸ்டீரியோ அமைப்புக்குள் இது அடங்கி, மைக்குக்கென ஒரு மோனோ சேனல் மிஞ்சுகிறது.

டிலே திரும்பி வரும் சேனலைத்தான் பலரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று: எல்லா டிரம் ஒலிகளையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டியதில்லை. கிக்கைத் தனியாக எடுத்தால் பெரும்பாலான தேவை தீர்ந்துவிடும். அடுத்த வருடம் வாங்கப்போகும் கருவிக்காக ஒரு ஸ்டீரியோ சேனலைக் கூடுதலாக வைத்துக்கொள்வது நியாயம். 24 சேனல் மேசையை வாங்கி அதில் பாதியைத் தூசிக்கு விடுவது வீண்செலவு.

5. ஆக்ஸ் சென்டு ஒண்ணு இருந்தா போதாதா? பிரீ, போஸ்ட்னு வேற சொல்லுதாங்க.

சேனல் எண்ணிக்கையைவிட நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆக்ஸ் சென்டு என்பது ஒவ்வொரு சேனலிலிருந்தும் வேண்டிய அளவு ஒலியை எடுத்து வெளியே உள்ள எஃபெக்டுக்கு அனுப்பும் தனிவழி. ஒன்று மட்டும் இருந்தால் ரிவர்ப் (அறையின் முழக்கம் போன்றது) அல்லது டிலே, இரண்டில் ஒன்றுதான். இரண்டு இருந்தால் இரண்டும் கிடைக்கும். டிலேயிலிருந்து வரும் ஒலியை ரிவர்புக்குள் தள்ளவும் முடியும். எலக்ட்ரானிக் இசைக்கு இரண்டைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். முன் கேள்வியில் வந்த எம்ஜி10-எக்ஸ்யூவில் ஒன்றுதான் இருக்கிறது. அதே வரிசையின் எம்ஜி12-எக்ஸ்யூவில் இரண்டு.

போஸ்ட் என்றால் ஃபேடரைத் தாண்டிய பிறகு எடுப்பது: ஃபேடரை இறக்கினால் எஃபெக்டுக்குப் போவதும் குறையும். பிரீ என்றால் ஃபேடருக்கு முன்பே எடுப்பது: ஃபேடரை முழுக்க இறக்கினாலும் எஃபெக்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். மேடைப் பாடகருக்கான மானிட்டருக்குப் பிரீ வேண்டும்; ரிவர்ப், டிலே இரண்டுக்கும் பெரும்பாலும் போஸ்ட்தான். ஒலியின் உடலை மறைத்து அதன் எதிரொலியை மட்டும் மிதக்கவிட நினைக்கும்போது பிரீ உதவும் என்பதால், இரண்டுக்கும் மாற்றும் பொத்தான் உள்ள மிக்சர் கிடைத்தால் விடாதீர்கள்.

எஃபெக்டிலிருந்து திரும்புவதை ஆக்ஸ் ரிட்டர்னில் சொருகாமல் ஒரு முழு ஸ்டீரியோ சேனலில் சொருகினால், அதற்கு ஈக்வலைசரும் கிடைக்கும், அதே சென்டுக்குத் திரும்ப அனுப்பி எதிரொலியைச் சுழலவிடவும் முடியும். எஃபெக்ட் கருவியின் மிக்ஸ் குமிழை முழு எஃபெக்ட் பக்கம் வைத்துவிடுங்கள். கிட்டார் பெடலாக இருந்தால் சென்டைக் குறைவாகத் தொடங்குங்கள். லைன் லெவல் முழுதாகப் போனால் பல பெடல்கள் கரகரக்கும்.

6. ஈக்வலைசர்ல 'ஸ்வீப் மிட்'னு ஒண்ணு இருக்கே, அதுக்கு ஏன் கூட காசு?

சாதாரண மூன்று பட்டை ஈக்வலைசரில் நடுப்பட்டை ஒரே அதிர்வெண்ணில் நிலைத்திருக்கும். மாக்கி 1202 விஎல்இசட்4-இல் அது 2.5 கிலோஹெர்ட்ஸ். பேஸ் சிந்தும் கிக்கும் முட்டிக்கொள்வது அதற்கு வெகு கீழே, சில நூறு ஹெர்ட்ஸில். ஸ்வீப் இருந்தால் நடுப்பட்டையை அங்கே நகர்த்திக் குறைக்கலாம். வாசிக்கும்போது திருப்பினால் அதுவே ஒரு ஃபில்டர் போலவும் வேலை செய்யும். என் கணிப்பில் அதற்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண்போகாது. ஆனால் சிறிய மிக்சர்களில் மோனோ சேனல்களில் மட்டுமே அது இருப்பது வழக்கம். எனவே கிக்கையும் பேஸையும் அங்கே சொருகுங்கள். லோ கட் பொத்தான் பெரும்பாலும் 75 முதல் 100 ஹெர்ட்ஸுக்குள் கீழே உள்ளதை வெட்டும். கிக் வரும் சேனலில் அதைத் தெரியாமல் அழுத்திவிட்டு 'மிக்சரில் பேஸே இல்லை' என்பவர்கள் உண்டு.

7. ஒரு சிந்த் சத்தமா வருது, இன்னொண்ணு கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கே?

தொழில்முறைக் கருவிகளின் லைன் லெவல் +4 டிபியூ, அதாவது ஏறத்தாழ 1.23 வோல்ட். வீட்டு உபயோகக் கருவிகளுடையது -10 டிபிவி, ஏறத்தாழ 0.32 வோல்ட். இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 12 டெசிபெல் இடைவெளி. இதைச் சரிசெய்யத்தான் சேனலின் தலையில் கெயின் குமிழ் இருக்கிறது. அந்தச் சேனலை மட்டும் தனியே கேட்கவைக்கும் பிஎஃப்எல் அல்லது சோலோ பொத்தானைப் போட்டு, கருவியின் வால்யூமைப் பெரிதும் ஏற்றிவைத்து, மீட்டர் 0-வை ஒட்டி ஆடும்வரை கெயினை ஏற்றுங்கள். அதன் பிறகே ஃபேடர். ஸ்டீரியோ சேனல்களில் கெயின் குமிழே இல்லாத மிக்சர்களும் இருக்கின்றன என்பதால், வாங்குமுன் அதைக் கவனியுங்கள்.

8. வோல்காவை மிக்சர்ல சொருகினேன். ஹெட்போன்ல நல்லாக் கேக்கு, மிக்சர்ல சத்தமே இல்ல. மிக்சர் போச்சா?

மிக்சர் நன்றாகவே இருக்கிறது, கேபிள்தான் காரணம். கார்க் நிறுவனத்தின் சிறிய கருவியான வோல்காவின் அவுட்புட் ஹெட்போனுக்கான ஸ்டீரியோ இபி (3.5 மி.மீ.) ஜாக். கடையில் 'ஒரு பக்கம் இபி, ஒரு பக்கம் பி-38' (6.35 மி.மீ. பின்) என்று கேட்டால் இரு முனையும் ஸ்டீரியோவான கேபிளைக் கொடுத்துவிடுவார்கள். மிக்சரின் மோனோ லைன் இன்புட் பேலன்ஸ்டு வகை. வரும் இரண்டு கம்பிகளுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். வோல்கா இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே ஒலியை அனுப்பினால் வித்தியாசம் சுழியம். ஆகவே கேட்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

ஒரு முனையில் ஸ்டீரியோ இபியும் மறுமுனையில் இரண்டு மோனோ பி-38 பின்களும் உள்ள ஒய் கேபிளைக் கேட்டு வாங்குங்கள். இரண்டையும் ஒரு ஸ்டீரியோ சேனலில் சொருகலாம், அல்லது ஒன்றை மட்டும் மோனோ சேனலில் சொருகலாம். ஃபோனிலிருந்து பாட்டுப் போடும்போது பாடகரின் குரல் மட்டும் காணாமல் போவதற்கும் இதே காரணம்தான்: நடுவில் வைத்து மிக்ஸ் செய்யப்பட்ட எல்லாம் கழிந்துவிடுகின்றன.

9. உடுக்கை, வில்லுப்பாட்டுக் குடம் எல்லாம் மைக்ல எடுத்து பீட்டோட சேக்கணும். அதுக்கு எட்டு மைக் சேனல் வேண்டாமா?

ஒவ்வொன்றாகப் பதிவுசெய்து சாம்ப்ளரில் ஏற்றப்போகிறீர்கள் என்றால் இரண்டு போதும். கண்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபேன்டம் மிக்சரில் இருக்க வேண்டும். சிறிய மிக்சர்களில் எல்லா மைக் சேனல்களுக்கும் சேர்த்து ஒரே பொத்தான்தான் இருக்கும். குடத்தின் வாயில் தட்டும்போது வெளிவரும் காற்று நேராக மைக்கில் மோதினால் 'புஸ்' என்ற அடி மட்டுமே பதிவாகும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்று விலக்கிச் சாய்த்து வையுங்கள். மண் ஒலி அப்போதுதான் வரும். முழு வில்லுப்பாட்டுக் குழுவையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்வது வேறு வேலை. அதற்கு ரேடியோ செட்டுக்காரரின் மேசையே சரி.

10. யுஎஸ்பி இருக்க மிக்சர் வாங்கினா எல்லாச் சேனலையும் தனித்தனியா ரெக்கார்ட் பண்ணலாம்லா?

யுஎஸ்பி இருப்பதால் மட்டும் அது நடக்காது. பெரும்பாலான சிறிய மிக்சர்களில் யுஎஸ்பி வழியே போவது இறுதி ஸ்டீரியோ மிக்ஸ் மட்டுமே. யமஹா எம்ஜி-எக்ஸ்யூ வரிசை அப்படிப்பட்டது. ஆலன் & ஹீத் இசட்இடிஐ-10 நான்கு தடங்களை அனுப்புகிறது. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகேயும் டாஸ்காம் மாடல் 12-உம் சேனல்களைத் தனித்தனித் தடங்களாகவே கொண்டுபோகின்றன. யுஎஸ்பி இல்லாத பழைய மிக்சரில், ஒரு சேனலின் ஒலியைத் தனியே வெளியே எடுக்க உதவும் டைரக்ட் அவுட்டோ இன்சர்ட்டோ இருந்தால், பல இன்புட் கொண்ட இன்டர்ஃபேஸ் வழியாக அதே பலனை அடையலாம்.

பல தடங்கள் கட்டாயமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஸ்டீரியோவாகப் பதிவுசெய்தால் பிறகு கிக்கை மட்டும் குறைக்க முடியாது. ஆனால் வாசிக்கும்போதே முடிவெடுக்கும் பழக்கம் வரும், பாட்டும் முடிவடையும். எதை எடுத்தாலும், சேனலின் ஈக்வலைசருக்கு முன்பிருந்து யுஎஸ்பிக்குப் போகிறதா, பின்பிருந்தா என்று கையேட்டில் ஒலி போகும் வழியைக் காட்டும் பிளாக் டயகிராமில் பாருங்கள். முன்பிருந்து போனால், நீங்கள் கையால் செய்த மாற்றம் எதுவும் தனித்தடங்களில் இருக்காது.

11. அனலாக்ல போட்டாலே ஒலிக்கு ஒரு கதகதப்பு வரும்னு சொல்லுதாங்களே?

இன்றைய சிறிய மிக்சர்கள், வந்த ஒலியை வந்தபடியே அனுப்புவதற்காகச் செய்யப்பட்டவை. ஆப்-ஆம்ப் சிப்புகளால் ஆன அவற்றை அளவோடு ஓட்டினால் நிறம் எதுவும் ஏறாது. அளவுக்கு மீறி அழுத்தினால் கரகரப்பு வரும். டெக்னோ கிக்குக்கு அது பொருந்தலாம், மென்மையாக நீண்டொலிக்கும் பேட் ஒலிக்குப் பொருந்தாது. கதகதப்புக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள்.

12. எல்லாம் மாட்டியாச்சு, 'ம்ம்ம்'னு ஒரே இரைச்சல். என்ன பண்ண?

முதலில் இரைச்சலின் வகையைக் கண்டுபிடியுங்கள். ஆழமான முனகல் என்றால் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் எர்த் லூப், அதாவது கருவிகளின் எர்த் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் இணைந்து வளையமாவது. கூர்மையான 'ர்ர்ர்' என்றால் ஃபேன் ரெகுலேட்டரோ, மலிவான எல்இடி பல்போ, சதுர அலை இன்வெர்ட்டரோ காரணமாக இருக்கலாம். சித்திரை மாதத்தில் பாளையங்கோட்டையில் ஃபேனை நிறுத்திவிட்டு இசை செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. குமிழைத் தொடர்ச்சியாகத் திருப்பும் ரெகுலேட்டரை எடுத்துவிட்டு, படிப்படியாக நிற்கும் கெப்பாசிட்டர் வகையைப் போடுங்கள். இன்வெர்ட்டர் புதிதாக வாங்கினால் சைன் வேவ் வகையைக் கேளுங்கள்.

முனகல் என்றால், மிக்சரில் செருகிய கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது நிற்கிறதோ அந்த வழியில்தான் லூப். மிக்சர், கம்ப்யூட்டர், ஸ்டுடியோ மானிட்டர் மூன்றையும் சுவரில் ஒரே இடத்திலிருந்து வரும் நல்ல ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால், அந்த ஒரு வழியில் மட்டும், எர்த் தொடர்பை அறுத்து ஒலியைக் கடத்தும் டிஐ பாக்ஸோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரோ வையுங்கள். ஈக்வலைசரால் முனகலை வெட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்: ரோலண்டின் டிஆர்-808 டிரம் மெஷினுடைய கிக்கின் அடிநாதமும் ஏறத்தாழ 50 ஹெர்ட்ஸில்தான் இருக்கிறது, ஒன்றை வெட்டினால் இன்னொன்றும் போகும்.

பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் இரைச்சல் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது உயிருக்கு ஆபத்து. பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருந்தும் பின்னால் எர்த் வயரே இல்லாமல் இருப்பதுண்டு. மிக்சரின் உலோக உடலைத் தொட்டால் 'சுரீர்' என்றால், முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிபாருங்கள். வெயில் காலத்தில் எர்த் குழி காய்ந்துபோகாமல் தண்ணீர் ஊற்றுவதும் இதில் சேரும்.

13. எர்த் எல்லாம் சரி. ஆனா சிந்த்தை யுஎஸ்பில கம்ப்யூட்டரோட இணைச்சா மட்டும் 'கீய்ய்'னு ஒரு சத்தம் வருது?

முன் பதிலில் சொன்ன லூப்தான் இதுவும். இந்த முறை அது யுஎஸ்பி கேபிளின் கிரவுண்ட் வழியாகச் சுற்றி, கம்ப்யூட்டரின் உள் இரைச்சலையும் இழுத்துக்கொண்டு வருகிறது. மவுஸை நகர்த்தும்போது சத்தம் மாறினால் ஐயமே வேண்டாம். சிந்தில் வாசிப்புத் தகவலைக் கடத்தும் ஐந்து பின் மிடி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். மிடி இன்புட்டில், தகவலை ஒளி வழியே கடத்தும் ஆப்டோகப்ளர் இருப்பதால் மின்தொடர்பு அங்கே அறுந்துவிடுகிறது. இல்லையென்றால் யுஎஸ்பி ஐசொலேட்டர்.

14. சவுண்ட் சர்வீஸ்காரர் பழைய மிக்சரைக் கொடுக்கேன்னு சொல்லுதார். நம்பி எடுக்கலாமா?

டிஜிட்டலுக்கு மாறுகிறவர்களிடம் நல்ல அனலாக் மிக்சர்கள் மலிவாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் கொடைக்குக் கொடை வேனில் ஏறி, செம்மண் புழுதியில் நின்ற மேசை அது என்பதையும் மறக்க வேண்டாம். ஹெட்போன், ஒரு மைக், 8-ஆம் கேள்வியில் சொன்ன ஒய் கேபிள், பாட்டு நிறைந்த ஃபோன் ஆகியவற்றுடன் போங்கள். ஒவ்வொரு சேனலிலும் ஃபோனைச் சொருகி, கெயின், ஈக்வலைசர், ஆக்ஸ், ஒலியை இடம் வலமாக நகர்த்தும் பேன் குமிழ், ஃபேடர் என வரிசையாகத் திருப்பிக் கேளுங்கள். திருப்பும்போது 'கரகர' என்றால் தூசி. கான்டாக்ட் கிளீனரில் போய்விடலாம். ஓரிடத்தில் ஒலி அறுந்தால் அந்தக் குமிழின் தடமே தேய்ந்துவிட்டது. ஆக்ஸ் சென்டுகளையும் மறவாமல் கேளுங்கள். பலரும் மெயின் அவுட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

பிறகு எல்லா ஃபேடர்களையும் இறக்கிவிட்டு மெயினை மட்டும் ஏற்றி, மிச்சமுள்ள 'ஸ்ஸ்' எவ்வளவு என்று பாருங்கள். ஃபேடர் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் டீயோ கலர் சோடாவோ உள்ளே கொட்டியிருக்கிறது. அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். பவர் அடாப்டர் தனியாக வரும் மாடல் என்றால் அதன் சொந்த அடாப்டர் இல்லாமல் வாங்காதீர்கள். பல மாடல்களுக்கு வேண்டியது ஏசி வோல்டேஜ், கடையில் கிடைக்கும் டிசி அடாப்டர் உதவாது. வெளிநாட்டிலிருந்து வந்ததாகச் சொன்னால் 120 வோல்ட்டா 230 வோல்ட்டா என்று பின்பக்கத்தைப் பாருங்கள்.

15. ஆனி மாசக் காத்துல புழுதி, குத்தாலம் பக்கம் சாரல். மிக்சரை எப்படிப் பாத்துக்கிடணும்?

பருத்தித் துணியால் மூடி வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் சன்னலோரத்தில் வைக்காமல், தினமும் சிறிது நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. குமிழ் கரகரத்தால் தேங்காய் எண்ணெயோ மண்ணெண்ணெயோ விடாதீர்கள். பிசுக்கில் புழுதி இன்னும் ஒட்டும்.

16. வாங்கின பன்னிரண்டும் நிறைஞ்சுபோச்சு. பெரிய மிக்சரா மாத்தணுமா?

மாற்றுமுன் பின்பக்கத்தைப் பாருங்கள். 'ஆக்ஸ் ரிட்டர்ன்', 'டேப் இன்' என்ற இரண்டு இன்புட்டுகளும் காலியாக இருந்தால், ஈக்வலைசர் தேவைப்படாத இரண்டு ஸ்டீரியோ கருவிகள் அங்கே போகும். அதுவும் போதாதென்றால், டிரம் ஒலிகளை மட்டும் ஒரு சிறிய மிக்சரில் சேர்த்து, அதன் மெயின் அவுட்டைப் பெரிய மிக்சரின் ஒரு ஸ்டீரியோ சேனலுக்குக் கொண்டுவாருங்கள். டிரம் முழுவதற்கும் ஒரே ஃபேடர் என்ற வசதியும் சேர்ந்து கிடைக்கும். சிறிய மிக்சரின் ஆக்ஸை டிரம்முக்கென்று ஒரு தனி டிலேக்குக் கொடுத்துவிட்டால், பெரிய மிக்சரின் இரண்டு ஆக்ஸும் மற்றக் கருவிகளுக்கு மிஞ்சும். இரண்டையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் 12-ஆம் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.